ஆணுறுப்பில் எது இயல்பு, எதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்: வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு முழுமையான வழிகாட்டி

மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் பதினான்கு வருஷம் நின்றவன் நான். கூட்டம் கலையும் வரை ஓரமாகக் காத்திருந்து, கடைசி ஆளாக வந்து, "அண்ணே, அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று முணுமுணுப்பவரிடம் "எங்க அரிப்பு?" என்று கேட்டால் பதில் எப்போதும் "தொடையில" தான். தொடை இல்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், இருந்தாலும் இருவரும் அதற்கு மேல் பேச மாட்டோம். ட்யூபை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இந்த வெட்கத்தால் இரண்டு வகை ஆட்கள் அவதிப்படுகிறார்கள். பிறந்ததிலிருந்து இருக்கும் ஒரு புள்ளியை இருபது வயதில் முதல்முறை உற்றுப் பார்த்துவிட்டு எய்ட்ஸோ என்று மூன்று மாதம் தூங்காமல் கிடப்பவர் ஒருத்தர். ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டிய கட்டியை இரண்டு வருஷம் லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு திரிபவர் இன்னொருத்தர். முதல் ஆளுக்குத் தைரியமும் இரண்டாம் ஆளுக்குக் கொஞ்சம் பயமும் வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம், யாரிடம் எப்போது போக வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எதைப் பார்த்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது எப்போதிலிருந்து இருக்கிறது? வளர்கிறதா, மாறுகிறதா? வலி, ரத்தம், சீழ், ஆறாத புண் ஏதாவது உண்டா? வருஷக்கணக்காக அப்படியே இருக்கிறது, வலியும் இல்லை என்றால் பெரும்பாலும் அது உங்கள் உடம்பின் அமைப்பு. புதிதாக வந்தது, வளர்வது, வலிப்பது, ஆறாதது என்றால் டாக்டர்.

முதல் படி: குளித்துவிட்டுப் பாருங்கள்

வெந்நீரில் குளித்து முடித்த கையோடு பார்ப்பதுதான் நல்லது. குளிரில் விதைப்பை சுருங்கித் தடித்து, விதைகள் மேலே ஏறிக்கொள்ளும், ஒன்றும் பிடிபடாது. உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும் என்பதால், குளிர்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்வதும் வெயிலில் தொங்குவதும் அந்தப் பையின் வேலை. ஆகவே காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கட்டை விரலை மேலேயும் மற்ற இரண்டு விரல்களைக் கீழேயும் வைத்து ஒரு விதையை மெதுவாக உருட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. தோல் உரித்த அவித்த முட்டை மாதிரி வழுவழுப்பாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். பெரியவர்களுக்கு நீளம் சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கலாம். ஒன்று மற்றதைவிடக் கீழே தொங்கும், பலருக்கு அது இடதுபக்கம்.

பின்பக்கம் மெத்தென்று ஒரு புடைப்பு தட்டுப்படும். "கட்டிண்ணே" என்று என்னிடம் வந்த இளைஞர்களில் பாதிப் பேர் சொன்னது இதைத்தான். எபிடிடைமிஸ் என்று பெயர். விந்தணுக்கள் முதிரும் குழாய், பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும், அவ்வளவும் அங்கே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கெட்டியான ஒயர் மாதிரி ஒன்று மேலே போகும், அது விந்துக்குழாய். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் வெட்டுவது அதைத்தான். இவை எல்லாம் எல்லோருக்கும் இருப்பவை. ஒரு தடவை நிதானமாகத் தொட்டுத் தெரிந்துகொண்டுவிட்டால் பின்னால் புதிதாக ஏதாவது வந்தால் கை கண்டுபிடித்துவிடும். அதற்காகத் தினமும் தடவிப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விதைப்பையின் நடுவே தையல் போட்டது போல ஒரு கோடு ஓடும், ஆணுறுப்பின் அடிப்பக்கம் வரைக்கும். கருவில் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிய இடம் அது. அங்கே தோல் உடம்பின் மற்ற இடங்களைவிடக் கறுப்பாக இருப்பதும் ஹார்மோன் வேலைதான், அழுக்கு கிடையாது. தயவுசெய்து ஃபேர்னஸ் க்ரீமை அங்கே கொண்டுபோகாதீர்கள். (ஒருத்தர் போட்டுவிட்டு எரிச்சலோடு கடைக்கு வந்தார், நடக்கவே முடியவில்லை.)

இரண்டாம் படி: அளவு

நிறைய பேர் இதைத் தேடித்தான் வந்திருப்பீர்கள். 2015-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், மருத்துவத் துறையினர் நேரில் அளந்த 15,521 ஆண்களின் அளவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். சாதாரண நிலையில் சராசரி 9.16 சென்டிமீட்டர், விறைத்த நிலையில் 13.12 சென்டிமீட்டர். சராசரி என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே இருப்பார்கள் என்று அர்த்தம், அது குறைபாடு ஆகாது. ஸ்கேலை வைத்து அளப்பவர்கள், மேல்பக்கம், அடிவயிற்று எலும்பில் ஸ்கேல் முட்டும் வரை அழுத்தி நுனி வரை அளக்க வேண்டும். தொப்பை இருந்தால் அடிப்பகுதி கொழுப்புக்குள் மறைந்து நிற்கும். அது போக, மேலிருந்து குனிந்து பார்ப்பதால் நமக்கு நம்முடையது எப்போதும் சின்னதாகவே தெரியும். சாதாரணமாகச் சின்னதாக இருப்பது விறைக்கும்போது நன்றாகவே நீளும், ஏற்கெனவே பெரிதாகத் தெரிவது கொஞ்சமாகத்தான் நீளும். சாதாரண அளவை வைத்து விறைத்த அளவைச் சொல்ல முடியாது.

மருத்துவர்கள் சிறியது என்று எடுத்துக்கொள்வது, பெரியவர்களுக்கு இழுத்து அளந்தாலும் சுமார் 7.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால்தான். அது மிக அரிது. அப்படி இருந்தால், அல்லது பதினான்கு வயது முடிந்தும் விதைகள் வளரவே ஆரம்பிக்கவில்லை என்றால், ஹார்மோன் பார்க்கும் டாக்டரிடம் போகலாம்.

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரிலும் ராத்திரி டிவியிலும் வரும் எண்ணெய், லேகியம், மாத்திரை எதுவும் ஒரு மில்லிமீட்டரைக்கூட நீட்டாது. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் குற்றம், ஆனாலும் விளம்பரம் நிற்கவில்லை. லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்கள் முதலில் பயத்தை விற்றுவிட்டுத்தான் மருந்தை விற்பார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அப்படி அவர்கள் விற்கும் பயங்களில் ஒன்று. அது வியாதி கிடையாது, அதனால் ரத்தம் குறையாது, கன்னம் ஒட்டிப்போகாது.

லேசான வளைவும் அப்படித்தான். இடது, வலது, மேல், கீழ் என்று எந்தப் பக்கமாவது கொஞ்சம் வளைந்திருப்பது இயல்பு. ஆனால் நேராக இருந்தது நாற்பது, ஐம்பது வயதில் புதிதாக வளைகிறது, உள்ளே கெட்டியாக ஒரு தகடு மாதிரி தட்டுப்படுகிறது, விறைக்கும்போது வலிக்கிறது என்றால் யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புப் பிரச்சினைகளுக்கான டாக்டர்) பார்க்க வேண்டும். சிறுவயதிலிருந்தே இருக்கும் வளைவு உறவுக்குத் தடையாக இருந்தாலும் அதற்குச் சிகிச்சை உண்டு.

மூன்றாம் படி: தோலில் தெரியும் புள்ளிகள்

மொட்டின் (ஆணுறுப்பின் நுனித் தலைப்பகுதி) விளிம்பைச் சுற்றி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், முத்துக் கோத்த மாதிரி வரிசையாக, ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் அது முத்துப் பருக்கள். ஏராளமான ஆண்களுக்கு உண்டு, வாலிப வயதில் தெரிய ஆரம்பிக்கும், தொற்றாது, யாரோடும் சேர்ந்ததால் வந்தது இல்லை. கிள்ளாதீர்கள், மரு மருந்து தடவிப் பொசுக்காதீர்கள். தண்டிலும் விதைப்பையிலும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தோலுக்கடியில் தெரியும் ரவைப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள், உதட்டிலும் அதே மாதிரி சிலருக்கு இருக்கும். வயதானவர்களுக்கு விதைப்பையில் சிவப்பும் ஊதாவுமாகக் குட்டிப் புள்ளிகள் வரும், ரத்தக்குழாய் விரிந்தது, உரசினால் கொஞ்சம் ரத்தம் கசியலாம், அவ்வளவுதான். ரத்தம் அடிக்கடி வந்தால் மட்டும் காட்டுங்கள்.

பால்வினை மரு வேறு மாதிரி இருக்கும். ஒழுங்கான வரிசை இருக்காது, ஒன்று பெரிது ஒன்று சிறிது, மேல்பரப்பு காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பு, வாரத்துக்கு வாரம் கூடும். கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்து எரிந்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது வலியே இல்லாத ஒற்றைப் புண். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும், சில வாரத்தில் மருந்து போடாமலே ஆறியும் விடும். ஆறிவிட்டது என்று ஆள் நிம்மதியாகிவிடுவார், கிருமி உள்ளே இருந்துகொண்டு வேலையைப் பார்க்கும். அதனால் வலி இல்லாத புண் என்றால் ஆறினாலும் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

கடைக்காரன் என்ற முறையில் இரண்டு விஷயம். ஒன்று, ஏதோ மாத்திரை சாப்பிட்ட ஒன்றிரண்டு நாளில் மொட்டில் வட்டமாகக் கருஞ்சிவப்புத் திட்டோ புண்ணோ வந்து, பிறகு கறுப்பாக மாறி, அடுத்த முறை அதே மாத்திரை சாப்பிட்டதும் அதே இடத்தில் மறுபடி வந்தால், அது பெரும்பாலும் மருந்து ஒவ்வாமை. வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக் இரண்டிலும் பார்த்திருக்கிறேன். மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று அந்த "தொடை அரிப்பு" க்ரீம். படர்தாமரைக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் பல கலவை க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். போட்ட அன்றே அரிப்பு அடங்கும், அதனால்தான் ஆட்கள் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். விதைப்பைத் தோல் ரொம்ப மெல்லியது, முன்கைத் தோலைவிட ஏறக்குறைய 40 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சும். மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரியும், பூஞ்சையோ ஒளிந்துகொண்டு பரவும். ராத்திரியில் அரிப்பு அதிகம், விரலிடுக்கிலும் இருக்கிறது, விதைப்பையில் சின்ன உருண்டைகள், வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், தனியாக ஒருத்தர் மட்டும் போட்டுப் பயன் இல்லை.

நான்காம் படி: முன்தோல்

பையன்களுக்கு முன்தோல் பின்னால் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது இயற்கை, வருஷக்கணக்கில் மெல்ல விலகும், சிலருக்குப் பதின்பருவம் வரை ஆகும். எண்ணெய் போட்டு வலுவாக இழுக்கச் சொல்லும் பாட்டி வைத்தியம் வேண்டாம், கிழிந்து தழும்பாகி நிஜமாகவே இறுகிவிடும். சிறுநீர் கழிக்கும்போது வலி, அடிக்கடி தொற்று என்றால் மட்டும் காட்டுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும் குழந்தைக்குச் சுன்னத் செய்வதற்கு முன் கட்டாயம் குழந்தை அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் அதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்தத் தோல் தேவைப்படலாம். பிறந்த குழந்தையின் பையில் விதை இல்லை என்றால் ஆறு மாதம் வரை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். "பெரியவன் ஆனா தானா இறங்கிடும்" என்று விடக் கூடாது.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு நாள் ராத்திரி கடை மூடும் நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தர் வந்தார். முன்தோல் வெடித்து வெடித்து எரிகிறது, பின்னால் இழுக்க முடியவில்லை, ஆறு மாதத்துக்கு முன்னால் இப்படி இல்லை என்றார். நான் க்ரீம் எடுக்கவில்லை, கடையில் இருந்த சுகர் மிஷினை எடுத்தேன். 342 காட்டியது. அதுவரை தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. நல்லபடியாக இருந்த முன்தோல் நடுவயதில் இறுகி, வெடித்து, வெள்ளையாகப் படிந்து அரித்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். சிறுநீரில் சர்க்கரை போகும்போது பூஞ்சைக்கு அங்கே விருந்து. ஏற்கெனவே சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரும், ஏனென்றால் அந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தோலுக்கு அடியில் சேரும் வெள்ளை மாவு செத்த செல்லும் எண்ணெயும்தான், தினமும் தோலைப் பின்னால் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம். கழுவிவிட்டுத் தோலை மறுபடி முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள். பின்னாலேயே மாட்டிக்கொண்டு மொட்டு வீங்க ஆரம்பித்தால் அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இறுகிய தோலுக்கடியில் மாதக்கணக்கில் ஆறாத புண், கெட்ட வாடை, கட்டி இருந்தால் புற்றுநோயாக இருக்கலாம், தள்ளிப்போடவே கூடாது.

ஐந்தாம் படி: பையில் வீக்கம்

இடதுபக்கம், விதைக்கு மேலே, புழுக்கள் நெளிகிற மாதிரி ரத்தக்குழாய்ச் சுருள் தட்டுப்பட்டு, படுத்தால் குறைந்து நின்றால் கூடினால் அது வேரிகோசீல். ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து ஆண்களுக்கு உண்டு, பலருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வலி, விதை சுருங்குதல், குழந்தை இல்லாமை இருந்தால் காட்ட வேண்டும். படுத்தாலும் குறையவில்லை, அல்லது வலதுபக்கம் மட்டும் திடீரென்று வந்தது என்றால் வயிற்றையும் ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள், சிறுநீரகப் பக்கம் ஏதாவது அழுத்துகிறதா என்று பார்க்க.

நீர் கோத்துப் பை பெருப்பதை நம் ஊரில் ஓதம், அண்டவாதம் என்பார்கள். வலி இல்லாமல் மெல்லப் பெருக்கும். யானைக்கால் நோய்க் கொசுவாலும் வரும் என்பதால் பழைய ஆட்களுக்கு இது பழக்கப்பட்ட சங்கதி, இதைப் பற்றிய கேலிக்கும் பஞ்சம் இல்லை. கேலிக்குப் பயந்து வேட்டியைத் தளரக் கட்டிக்கொண்டு பத்து வருஷம் ஓட்டியவர்களைத் தெரியும். சின்ன ஆபரேஷன், அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். இருமினால் வீக்கம் கூடி, படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கம். அது உள்ளே போகாமல் மாட்டி, வலியும் வாந்தியும் வந்தால் உடனே ஓட வேண்டும்.

விதையிலேயே, அதன் உடம்போடு ஒட்டிய, கல் மாதிரி கெட்டியான கட்டி என்றால், வலி இல்லாவிட்டாலும் அந்த வாரத்திலேயே டாக்டர். விதைப் புற்றுநோய் இந்தியாவில் அரிது, ஆனால் அதிகம் வருவது 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் வலியில்லாமல். சீக்கிரம் கண்டுபிடித்தால் கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள். சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

ஆறாம் படி: விடியும் வரை காத்திருக்கக் கூடாதவை

என் மனசில் இன்னும் உறுத்துவது ஒன்று. சாயங்காலம் ஒரு அப்பா வந்து பதிமூன்று வயசுப் பையனுக்கு வயிற்று வலி, வாந்தி என்று மாத்திரை கேட்டார். கொடுத்தேன். மறுநாள் மத்தியானம்தான் பையன் அம்மாவிடம், வலிப்பது வயிறு இல்லை, கீழே என்று சொல்லியிருக்கிறான். விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று இருபது மணி நேரம் ஆகியிருந்தது, ஒன்றை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பையன்களுக்கு வயிற்று வலி என்று யார் வந்தாலும், கீழே வலி இருக்கிறதா என்று கேட்காமல் மாத்திரை கொடுப்பதில்லை.

திடீரென்று ஒரு விதையில் கடும் வலி, குமட்டல், விதை மேலே ஏறிக்கொண்டது போல இருப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, இவை முறுக்கத்தின் அடையாளம். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் அதிகம், ஆனால் எந்த வயதிலும் வரலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும், நேரம் போகப் போக வாய்ப்பு போய்விடும். வலி வந்து தானாக நின்றுவிட்டாலும் போங்கள், மறுபடி முறுக்கும். வழியில் சாப்பிடக் குடிக்கக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். 108-ஐக் கூப்பிடலாம்.

இதே அவசரம் வேறு சிலவற்றுக்கும் உண்டு. நான்கு மணி நேரம் தாண்டியும் தணியாத விறைப்பு, உறவின்போது "டப்" என்று சத்தம் கேட்டு உடனே வீங்கிக் கறுப்பது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, சர்க்கரை உள்ளவருக்கு விதைப்பைத் தோல் சிவந்து, கறுத்து, காய்ச்சலோடு வேகமாகப் பரவும் வலி. கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்து. பொன்னுக்கு வீங்கி வந்த ஒரு வாரத்தில் விதை வீங்கினாலும், சிறுநீர் எரிச்சல், காய்ச்சலோடு வீங்கினாலும், அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஏழாம் படி: யாரிடம், என்ன சொல்லி

தோல், புள்ளி, புண், அரிப்பு எல்லாவற்றுக்கும் தோல் டாக்டர், அரசு மருத்துவமனையில் தோல் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் இருக்கும். வீக்கம், கட்டி, வளைவு, முன்தோல் என்றால் யூராலஜிஸ்ட், இல்லையென்றால் பொது அறுவைச் சிகிச்சை டாக்டர் போதும். எச்.ஐ.வி. சந்தேகத்துக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்து, விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள்.

சீட்டு போடும் இடத்தில் கூட்டத்துக்கு நடுவே எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, "யூரின் பிரச்சினை" என்றால் போதும். உள்ளே போன பிறகு சுற்றி வளைக்காதீர்கள். "விதையில் கட்டி மாதிரி இருக்கு, மூணு வாரமா, வலி இல்லை" என்று எங்கே, எப்போதிலிருந்து, வலி உண்டா என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். வாய் வரவில்லை என்றால் போனில் எழுதிக் காட்டுங்கள், அதுவும் நடக்கிறதுதான். இதுவரை போட்ட க்ரீம், தின்ற மாத்திரை எல்லாவற்றின் அட்டையையும் கொண்டுபோங்கள், லாட்ஜ் வைத்தியர் கொடுத்த பொட்டலம் உட்பட. போவதற்கு முன் ஷேவ் பண்ணத் தேவையில்லை, காலையில் புண்ணில் எதுவும் தடவாமல் போனால் போதும். பரிசோதனையின்போது பயத்தில் எல்லாம் சுருங்கிப்போகும், சிலருக்குத் தொட்டதும் விறைத்தும்விடும், இரண்டையும் அவர்கள் தினமும் பார்ப்பவர்கள். ஸ்கேன் எழுதினால் ஜெல் சில்லென்று இருக்கும், வலிக்காது, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம்.